போகாத ஊருக்கு வழி

எனக்குச் சம்பளம் பெயர் வைப்பதற்கு.
லெ ஆவ்ரு துறைமுகம், மூன்றாம் கிடங்கு,
மாடியில் ஒரு மேசை,
எதிரே கிரேன்கள், பெரும்பாலும் மழை.
கீழே பெரேஞ்சேர் கலக்கிறாள்:
கறுந்தேயிலை, பெர்கமோட் எண்ணெய் பதினோரு சொட்டு,
வெனிலா, காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
கடைசியாக மேலே தூவ நீலப் பூவிதழ்.

இதழுக்குச் சுவை கிடையாது.
தூவாமல் ஒருமுறை விற்றுப் பார்த்தார்கள்,
பாதிகூடப் போகவில்லை.
அன்றிலிருந்து நீலத்துக்குத் தனிக் கணக்கு.

பெயரும் அப்படித்தான், கொதிநீரில் கரையாது.
'சமர்கந்தில் பின்னிரவு' என்று எழுதினால்
நூறு கிராம் இருபத்தெட்டு யூரோ.
எழுதாவிட்டால் வெறும் தேநீர்.

நான் போன தூரம் ரூவான்.
ஒருமுறை பிரஸ்ஸல்ஸ், பல் வலியோடு.

சரக்கு வரும் நாளில் கையெழுத்துப் போட இறங்குவேன்.
பழுப்புக் காகிதச் சாக்கின்மேல்
வட்டவட்டமாய் ஏதோ எழுத்து.
பெரேஞ்சேரிடம் கேட்டேன், தோளைக் குலுக்கினாள்.
ஓர் எழுத்தை விரலால் சுற்றிப் பார்த்தேன்,
அது தொடங்கிய இடத்துக்கே வந்து முடிந்தது.
விரலில் கொஞ்சம் மை, கொஞ்சம் தூசி.
அதற்குமேல் அந்த ஊர் என்னிடம் பேசவில்லை.

பாரிஸ் கடையில் இதையே
கையுறை போட்டுக்கொண்டு எடுக்கிறார்கள்.
மூடியைத் திறந்து
வாசனையை உங்கள் பக்கமாய் ஒருமுறை விசிறிவிட்டு
உடனே மூடிவிடுவார்கள்.
அந்த ஒரு விசிறலுக்குத்தான்
தெருமுனை வரை வரிசை, குடைகளோடு.
சிரிக்காதீர்கள்.
நானும் நின்றிருக்கிறேன்,
நானே வைத்த பெயருக்கு.

மாதத்தின் முதல் சனி கிடங்கு வாசலில் சில்லறை விற்பனை.
வரிசையில் முதல் ஆள் எப்போதும் முசியே கெனெல்.
முப்பத்தொரு வருடம் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில்.
வாங்குவது ஐம்பது கிராம்,
பென்ஷன் அதற்குத்தான் இடம் கொடுக்கிறது.
கறுப்பு டப்பாவை வீட்டிலிருந்தே கொண்டுவருவார்,
மூடியின் தங்க எழுத்துகள் பாதி அவர் கட்டைவிரலோடு போயிருக்கும்.

போன மாதம் யாரோ என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.
கிட்டே வந்தார்.
"'பந்தர் அப்பாஸின் ரோஜாத் தோட்டம்',
அது உங்கள் கைவரிசையா?
அங்கே ஒன்பது நாள் நங்கூரம் போட்டுக் கிடந்தோம்.
டீசல் நாற்றம். மீன் நாற்றம்.
ரோஜாவை நான் பார்க்கவில்லை."

எனக்குக் காது சுட்டது.
விலைப்பட்டியலை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.
"பிறகு ஏன் வாங்குகிறீர்கள்?"

டப்பாவைத் திறந்து மூக்கை நுழைத்தார்.
நிமிர்ந்தபோது மூக்குக் கண்ணாடியில்
ஒரு நீல இதழ் ஒட்டியிருந்தது.
"நான் போன ஊர் எனக்குத் தெரியும்.
நீங்கள் போகாத ஊர்தான் வேண்டும்."

சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.
நாற்பது சென்ட் குறைந்தது.
பெரேஞ்சேர் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இதழைப் பற்றி நாங்கள் இருவரும் சொல்லவில்லை.
அதோடே பஸ் ஏறிப் போனார்.

திங்கள் காலை
நாற்பத்தொன்றாம் எண் கலவை மேசைக்கு வந்தது.
புகை, ஏலம், நடுவில் இன்னதென்று பிடிபடாத ஓர் ஈரம்.
முதலாளி போனில்:
"மதியத்துக்குள் பெயர் வேண்டும்.
கிழக்காக ஏதாவது."

'எஞ்சின் அறை' என்று எழுதினேன். அடித்தேன்.
'பிரஸ்ஸல்ஸில் பல் வலி.' அதையும்.
வீட்டில் நான் காபி குடிப்பவள்.
ஆனாலும் மூடியை மூடக் கை வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே
கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டு
எங்கே இறக்குவது என்று மறந்ததுபோல்
மழையில் அப்படியே நின்றது.