பதினோரு விநாடி

வெண்டல் ஓஸ்ட்ரம் எனக்கு முதலில்
ஒரு கையாகத்தான் அறிமுகம்.
சாவியை நீட்டும் கை.
விடுதி மேசைக்கு இந்தப்புறம் கதாநாயகனின் தோள்,
அந்தப்புறம் பட்டன் ஒன்று விட்டுப்போன சட்டைக்கை.
"இருபத்திரண்டாம் அறை, ஐயா."
ஐயா முடிந்ததும் வெட்டச் சொன்னார்கள்.
வெட்டினேன்.

கல்வர் சிட்டியில், ஜன்னல் இல்லாத அறையில்
வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு
பத்தொன்பது வருஷம் படம் வெட்டியவள் நான்.
நட்சத்திர முகங்கள் அலுத்துப்போயிருந்தன;
வெளிச்சம் எங்கே விழும் என்று அவற்றுக்கு முன்பே தெரியும்.
இந்த ஆள்தான் பிடிபடவில்லை.
திங்களன்று ரயில்வே கார்டு,
வியாழனன்று சாட்சிக் கூண்டில் வியர்க்கும் மருந்துக்கடைக்காரர்,
அடுத்த மாதம் முதல் ரீலிலேயே குண்டடி பட்டு
மதுக்கடைத் தரையில் குப்புற.
சாகும்போதும் அடுத்தவர் முகத்தை மறைக்காமல் சாவார்.
கிண்டலுக்குச் சொல்லவில்லை. கஷ்டமான வேலை அது.

பெயர்ப் பட்டியலில் சில படங்களுக்குக் கடைசி வரி.
பல படங்களுக்கு அதுவும் இல்லை.
ஒருமுறை எழுத்துப் பிழையோடு வந்தது: ஓஸ்டர்ம்.
அவர் போய்க் கேட்டாரா, தெரியாது.

நாற்பத்தொன்றில் ஒரு குதிரைப் படம்.
அவர் தந்தி குமாஸ்தா.
டக் டக்கென்று வரும் சேதியை எழுதி எடுக்கிறார்:
பண்ணைக்காரரின் மகன் இறந்துவிட்டான்.
வசனம் இவ்வளவுதான், "உங்களுக்கு ஒரு தந்தி."
அதற்கு முன்னால்
எவரும் எழுதிக்கொடுக்காத ஒன்றைச் செய்தார்.
பென்சிலை வைத்தார். காகிதத்தை மடித்தார்.
மடித்ததைப் பிரித்து இன்னொரு தடவை வாசித்தார்,
தப்பாக எழுதியிருக்கக் கூடாதா என்பதுபோல.
பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

பதினோரு விநாடி.
மூவியோலாவின் சின்னக் கண்ணாடியில்
முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன்.
பின்னால் ஓட்டினால் பென்சில் கைக்குத் திரும்புகிறது,
எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாய் உள்ளே போகிறது.
அந்தப் பையனை மூன்று முறை பிழைக்க வைத்தேன்.

இயக்குநர் பின்னால் வந்து நின்றார்.
"இவனைப் பார்க்கவா டிக்கெட் எடுப்பார்கள்?"
கெட்ட மனுஷர் இல்லை;
படம் ஆறு நிமிஷம் நீளமாக இருந்தது.

வெட்டினேன்.
துண்டை மட்டும் தொட்டியில் போடவில்லை.
பிஸ்கட் டப்பாவில் சுருட்டி வைத்தேன்.
தீப்பிடிக்கிற சரக்கு; வீட்டுக்குக் கொண்டுபோனால் வேலை போகும்.
கொண்டுபோனேன்.
அடுப்புப் பக்கம் வேண்டாமென்று குளியலறை அலமாரியில்.

ஐம்பத்தாறு. வேலை எப்படியும் போயிருந்தது.
வைன் தெரு மளிகைக்கடையில்
முலாம்பழத்தைத் தட்டிக்கொண்டு நின்றார்.
பின்னந்தலையிலேயே தெரிந்துவிட்டது,
கேமரா அவரை அதிகம் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தானே.
தந்தி, பென்சில், குளியலறை அலமாரி,
எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவரே முகம் மலர்ந்து
"நீங்கள் பல் டாக்டர் ட்விட்செலிடம் இருப்பவர்தானே?"

எத்தனை பேர் அவரை இப்படிக் கேட்டிருப்பார்கள்,
சித்தப்பா மகனா, வங்கியில் இருந்தவரா,
எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று.
"ஆமாம்" என்றேன்.
கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார்:
"இடது மேல் கடைவாய். ஐஸ் பட்டால் இன்னும் கூசுகிறது."
அந்தப் பல்லை எனக்குத் தெரியும்.
ஒரு கப்பல் மூழ்கும் காட்சியில், ஃபிரேம் ஃபிரேமாக.
"வியாழக்கிழமை வாருங்கள்" என்றேன்.
சரியென்று தலையாட்டிவிட்டு
வேறு பழத்தைத் தட்டப் போனார்.

நேற்று டப்பாவைத் திறந்தேன்.
ஓரமெல்லாம் பழுப்புத் தூள்,
நடுவில் தேன் போல ஒட்டிக்கிடக்கிறது.
உருப்படியாக ஒன்பது ஃபிரேம்.
ஒன்பதிலும் காகிதம் மடித்தபடி, தலை குனிந்தபடி.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், அதுதான் விதி.
வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.
நாளைக்குக் கூப்பிடலாம்.