பத்து அடி

இரண்டு விலா எலும்புக்கு நடுவே
கூழ் தடவி, கருவியின் முனையை வைக்கிறேன்.
அவருடைய வலது கை தலைக்குமேல்.
மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.
கண்ணைப் பார்க்கிறேன், அங்கே மஞ்சள் இல்லை. நல்லது.
"பத்து அடி விழும், முசியே கர்ப்பானென்.
வலிக்காது.
உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று
தட்டிக் கேட்கும், அவ்வளவுதான்."

சிரிக்கிறார்.
"விடிகாலை ஐந்துக்கே எனக்கு ஒரு அடி விழும், மதாம்.
வெள்ளை ரம். லாரிச் சாவி திரும்பும் முன்னால்.
இந்த மாதம் தவிர."

கிரியோலிலும் அது அடிதான்.
காரைக்காலில் என் அப்பா
இரண்டு பொருளிலும் அடித்தவர்.

முதல் தட்டு.
திரையில் சாய்ந்த கோடு ஒன்று.
மெத்தென்ற ஈரலில் அலை தயங்கித் தயங்கிப் போகும்,
ஈரமணலில் செருப்போடு நடப்பதுபோல.
இறுகிய ஈரலில் விரைந்துவிடும்.
இந்த அறையில் வேகம் நல்ல செய்தி அல்ல.

இரண்டு. மூன்று.

வயது ஐம்பத்தொன்று.
ஜூலையிலிருந்து டிசம்பர் வரை
புவா ரூழ் ஆலையின் எடைமேடைக்கு வரிசை.
வரிசை நகராது, சீசா நகரும்.
இவர் ஏற்றிப்போன கரும்பு
சர்க்கரையாகிக் கப்பலேறியது.
மிச்சச் சாறு
நாற்பத்தொன்பது டிகிரியில்
இவரிடமே திரும்பி வந்தது.

"ஒருநாளும் வலித்ததில்லையே?"

வலிக்காது. அதற்கு அழத் தெரியாது.
வரும் கொழுப்பை மூட்டை கட்டி
ஓரமாக வைத்துக்கொள்ளும்.
வெந்த இடத்தில் தழும்பு போட்டுவிட்டு,
தழும்பைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகும்.
வயிற்றில் நீர் கோத்து
வாய்வழி ரத்தம் வரும் இரவில்தான்
வீட்டில் கேட்பார்கள்: எப்போதிலிருந்து?
யாருக்கும் தேதி தெரியாது.
எங்கள் வீட்டில் தெரியவில்லை.

ஆறாவது தட்டில் கேட்கிறார்,
தமிழில் இதற்கு என்ன பெயர் என்று.
கோயில் கூச்சல் நாலைந்து தவிர
அவர் வாயில் தமிழ் இல்லை.

"கல்லீரல்."

"கலு? பூண்டு இடிக்கிற கலுவா?
எங்கள் அடுப்படியில் இருக்கிறதே!"

அதுவேதான், முசியே. முன்பாதி கல்.
பின்பாதியில் ஈரம் என்று
என் காது கேட்டுக்கொள்ளும். இலக்கணம் ஒப்புமோ என்னவோ.
எந்தப் பாதி மிஞ்சும் என்று
இருவரும் திரையைப் பார்க்கிறோம்.

ஏழு. பிசகியது. மறுபடி ஏழு.

மதுரைவீரனுக்கு ஆண்டுக்கொரு போத்தல் திறப்பாராம்,
சுருட்டோடு.
சாமி குடித்ததுபோக மீதி இவருக்கு.
சாமிக்கு உடம்பே கல், உங்களுக்கு அப்படியா
என்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.

பத்து.

அக்டோபரில் பதினொன்று புள்ளி நான்கு.
இன்று எட்டு புள்ளி ஒன்பது.

எண்ணை அவர் பக்கம் திருப்புகிறேன்.
நெடுநேரம் பார்க்கிறார்,
எடைமேடையில் தன் லாரியின் எண்ணைப் பார்ப்பதுபோல.
"எந்த மருந்து?"
மருந்தில்லை. உங்கள் விரதம். எத்தனையாவது நாள்?
"பதினாறு. நாளை மறுநாள் நெருப்பு."

பதினெட்டு நாள் பாஞ்சாலிக்கு.
பத்தொன்பதாம் நாள் யாருக்கு?
கேட்டேவிட்டேன்.

கூழைத் தானே துடைத்துக்கொள்கிறார்.
அன்றைக்கு மச்சான்கள் வருவார்கள்.
கெடா வெட்டு, மசாலே.
மேசையில் என்ன இருக்கும் என்று
உனக்குத் தெரியாதா, மதாம்?

தெரியும்.
நெருப்புக் குழி எத்தனை அடி இருக்கும் என்றேன், பேச்சை மாற்ற.
"எண்ணுவதில்லை. எண்ணினால் சுடும்."

சட்டைப் பொத்தானைப் போட்டபடி
வாசலில் நின்றார்.
எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.
மனைவிக்கா என்றேன்.
மேசைக்கு என்றார்.

அடுத்த வருகை என்ற கட்டத்தில்
கை தானாக 'பத்தொன்பது' என்று எழுதியிருந்தது.
அடித்துவிட்டு
ஏப்ரல் என்று போட்டேன்.