ஆனை தவிர வேறு பேசாதீர்

குழுவின் பெயருக்குக் கீழே
அட்மின் பைஜு வைத்திருந்த ஒரே சட்டம் அது.
சேரம்பாடியில் டயர் கடை. தமிழ் பேசுவான், எழுத வராது.
குரல் பதிவில்தான் எங்களுக்கு ஆனை வரும்:
"சேச்சிமாரே, பாலத்துக்கு இந்தப் பக்கம் மூணு.
ஒரு குட்டி உண்டு. யாரும் வண்டி எடுக்கண்டா."

ஃபாக்டரியில் இரவு ஷிப்ட் முடிய பதினொன்றேகால்.
அந்தக் குரலைக் கேட்காமல் நான் கேட்டைத் தாண்டுவதில்லை.
போன ஆடி மழையில்
பலாமரத்தடியில் ஒற்றை நின்றதைப் பார்த்து எழுதியவர்
ரேஷன் கடை லோகநாயகி.
அவர் ஜன்னலுக்கும் என் நடைக்கும் நடுவே பத்து நிமிடம்.
அந்தப் பத்து நிமிடத்தில்தான்
இப்போதும் உயிரோடிருக்கிறேன்.

சட்டம் எத்தனை நாள் நிற்கும்?
முதலில் ஒரு ஆடு காணாமல் போனது.
ஆடும் ஆனையும் ஒரே எழுத்துதானே என்றார் யோகராசா.
கிடைத்தும் விட்டது.
பிறகு கேஸ் வண்டி வரும் நாள்.
பிறகு பிரசவத்துக்கு பி நெகட்டிவ்;
பத்தேரியிலிருந்து எல்லை தாண்டி வந்தவன்
கொடுத்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் போனான்.
பிறகு ரோஜாப்பூவோடு காலை வணக்கம்.
பிறகு,
"ஏழாம் லைன் பொண்ணு ஒண்ணு
தினம் ராத்திரி ஜீப்புல வந்து இறங்குது.
ஆனைக்குப் பயமா, வேற ஏதுமா?"
கீழே சிரிக்கும் முகங்கள் பதினாறு. எண்ணினேன்.
அது கம்பெனி ஜீப் என்று எழுதி
அழித்து
மறுபடி எழுதி
அழித்தேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஒரு படம்.
பட்டனை மாற்றிப் போட்ட பையன்,
மஞ்சள் பையோடு வேலியோரம் நிற்கிறான்.
"ஆள் யாரு? பிள்ளை பிடிக்கிற கூட்டமாம்."
அந்த 'ஆம்' யாருடையது என்று
யாரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை. எருமாட்டில் இருக்கும்
தங்கைக்கு அனுப்பினேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.
ஏழரைக்குள் நாற்பது பேர். எட்டுக்குப் போலீஸ்.
பையில் ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு இருந்தது.
அதைப் பார்த்த பிறகுதான் அடி பலமாக விழுந்ததாம்.
அவன் மகளுக்கு வாங்கியது.
பெயர் பினீஷ்,
ஓடைக்கு அப்புறம் பணியர் காலனி.

மறுநாள் குழுவில் ரோஜாப்பூ வந்தது.
படம் இருந்த இடத்தில்
'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி.
கல்லறை மாதிரி என்று எழுத வருகிறது. வேண்டாம்,
அவன் சாகவில்லை.
இடது காது கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனை அவர்கள் வீட்டைத் தாண்டித்தான்
எங்களிடம் வரும்.
குழுவில் நூற்று எண்பத்து மூன்று பேர்.
காலனி நம்பர் ஒன்றுகூட இல்லை.
இது எனக்குப் பட ஒரு காது போக வேண்டியிருந்தது.
ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பொட்டலத்தோடு போனேன்.
"நம்பர் குடுங்க, ஆனை வந்தா தெரியும்."
அவன் மனைவி மாதி
பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.
"ஆனை வந்தா எங்களுக்கே தெரியும்.
நீங்க எல்லாரும் வந்தா
எதுல மெசேஜ் வரும்?"
பிஸ்கட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்
திரும்பக் கொண்டுவந்தேன்.

'குழுவிலிருந்து வெளியேறு' சிவப்பில் இருக்கிறது.
மூன்று முறை விரலைக் கொண்டுபோயிருக்கிறேன்.

இன்று பதினொன்றேகால். மழை.
கேட்டருகே நின்று காதோடு போனை வைக்கிறேன்.
"ஒற்றைக் கொம்பன். ஓடை தாண்டி
காலனிப் பக்கம் போகுது.
நம்ம ரோடு க்ளியர். எல்லாரும் தைரியமா போலாம்."
கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுகின்றன.
பழக்கத்தில் நானும் ஒன்று போட்டுவிட்டுக்
குடையை விரித்தேன்.
பிறகுதான்
'காலனிப் பக்கம்' என்றது
காதில் ஏறியது.