கடுகளவு

நாற்பத்தொரு கிலோ.
வந்தது எழுதியிருக்கிறது, செலவானது எழுதியிருக்கிறது,
நடுவில் எங்கேயோ நாற்பத்தொரு கிலோ
என் கையெழுத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

கருப்பூர் தாண்டி, வெள்ளைக்கல் குவியல்களுக்கு எதிரே
சாய அச்சுக்குத் துணைச்சரக்கு செய்யும் கொட்டகை எங்களுடையது.
துணியில் நீலம் திட்டுத்திட்டாகாமல் பிடிக்க
ஒரு திரவம் வேண்டும்.
தண்ணீரைவிடத் தடிப்பு, நிறமில்லை,
பெயர் மட்டும் நீளம்: தயோடைகிளைக்கால்.
அங்கிருந்து ஒரே ஒரு படி தள்ளி
கடுகு வாயு.

அந்த ஒரு படியைப் பற்றி
பயிற்சி வகுப்பில் ஒரு மத்தியானம் சொன்னார்கள்.
அது கடுகும் இல்லை, வாயுவும் இல்லையாம்.
பட்டவுடன் எரியாதாம்.
வீட்டுக்குப் போய், கைகால் கழுவி,
சாப்பிட்டுப் படுத்த பிறகுதான்
கொப்புளம் கிளம்புமாம்.
அன்று இரவு தாளிக்கும்போது
கரண்டியில் வெடித்ததை
அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேர் வந்தார்கள், கூட ஒரு தில்லி அதிகாரி.
முதலாளி அர்த்தனாரி
மல்கோவா ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார்.
ஒரு பழம்கூட வாங்கிக்கொள்ளக் கூடாதாம்.
டீ குடிக்கலாமாம்.
டீக்கு ஒப்பந்தத்தில் தடையில்லை போல.

இல்வா என்ற லாட்வியாக்காரி
என் பதிவேட்டை விரல் வைத்து வாசித்தாள்.
ஆகஸ்டில் ஓர் அடித்தல். "இது?"
ஆறை எட்டாக எழுதிவிட்டேன்,
கோடு போட்டுத் தேதியும் போட்டிருக்கிறேன் என்றேன்.
தலையாட்டினாள்.
கூட்டுத்தொகைக்கு வந்தபோது ஆட்டவில்லை.

அர்த்தனாரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.
பத்து வருஷம் சம்பளம் கொடுத்தவர் பார்த்த
அந்தப் பார்வையை
நான் எந்தக் கணக்கிலும் இன்னும் எழுதவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனேன்.
வருஷம் பூராவும் காலியான பீப்பாய்கள்,
இருநூற்றுப் பதினாறும் அப்படியே.
பழைய இரும்புக்காரன் மாதாமாதம் வந்து
என்னைத் திட்டிவிட்டுப் போவான்.
காவலாளி மாதையன்
மகள் கல்யாணத்துக்குத் தண்ணீர் பிடிக்க
தை மாதம் நாலு கேட்டார்.
இல்லை என்றேன்.
அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

எவ்வளவு கவிழ்த்தாலும்
உள்சுவரில் ஒட்டியது ஒட்டியதுதான் என்று
கையால் காட்டினேன்.
சொன்னால் நம்புவதற்கு
அவள் இங்கே வரவில்லை.
பத்தொன்பது பீப்பாயை அவளே பொறுக்கினாள்,
வரிசை தப்பி, அடியிலிருந்தும் நடுவிலிருந்தும்.

ஆறு மணிக்குக் கோடைமழை. கரண்ட் போனது.
தராசு மேல் இரண்டு கைபேசி வெளிச்சம்.
மாதையன்தான் உருட்டினார்.
ஒவ்வொன்றாக ஏற்றி, இறக்கி, துடைத்து,
ஒரு வார்த்தை இல்லாமல்.
சேர்வராயன் மலையில்
ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகளின் விளக்கு
ஒரு வளைவில் தெரிந்து
அடுத்ததில் காணாமல் போய்
மறுபடி கொஞ்சம் மேலே தெரிந்தது.

நூற்றுத் தொண்ணூறு கிராம்.
நூற்று எண்பத்தைந்து.
நூற்றுத் தொண்ணூற்றைந்து.
வெறும் பீப்பாயின் எடைக்கு மேல்
கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது அவ்வளவு.

சராசரியை இருநூற்றுப் பதினாறால் பெருக்கினாள்.
பிறகு கால்குலேட்டரை என்னிடம் நீட்டி
நீயும் ஒருமுறை போடு என்பது போல் நின்றாள்.
போட்டேன்.

அறிக்கையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு வரி:
முரண்பாடு எதுவும் காணப்படவில்லை.
மறுநாள் முழுக்க அந்த "இல்லை"யை
வாய்க்குள் சொல்லிக்கொண்டே
வேறு சரக்குக்கு ரசீது போட்டேன்.

சாயங்காலம் மாதையன் வாசலில் கேட்டார்:
"நாலு குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும் மேடம்?"

"எழுநூற்று அறுபது கிராம் காணாமப் போயிருக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.
பெட்டியிலிருந்து மல்கோவா ஒன்றை எடுத்து
உள்ளங்கையில் ஏந்தி
எடை பார்ப்பது போல் மேலும் கீழும் ஆட்டி,
"இது இருக்கும் ஒரு அரைக்கிலோ" என்று
என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.