கலம்

இரவு ஒன்று இருபது. எண்ணும் மெஷின் நின்றுவிட்டது.
கம்பனிக்காரர் காலையில்தான் வருவாராம்.
பொறளையில் மழை.
எதிரே கட்டி முடியாத தொடர்மாடியின்
ஒவ்வொரு தட்டிலும் தண்ணீர் தேங்குகிறது.
அடுத்த கிழமை நுளம்பு அங்கிருந்துதான் எழும்பும்.

ஆகவே கையால் எண்ணுகிறேன்.
ஹம்தா, வயது ஆறு, வார்ட் நாலு.
ஒரு துளி இரத்தம், அதற்கு ஒட்சலேற்று,
ஈரப் பஞ்சு வைத்த கிண்ணத்துள் இருபது நிமிடம்.
செங்குழியங்கள் கரைந்துபோகும்.
சிறுதட்டுகள் மெல்ல வந்து அடியில் படியும்.

காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை.

பள்ளியில் படம் கீறினோம்.
வட்டத்துள் வட்டம்: மென்சவ்வு, குழியவுரு, கரு.
சரியாகப் பெயரிட்டால் ஏழு புள்ளி.
கலம் என்றால் கப்பலும்தான், சோறு போடும் பாத்திரமும்தான் என்று
விஞ்ஞானப் புத்தகத்தில் இல்லை.
துறைமுகப் பக்கம் இப்போது ஒன்று ஊதுகிறது.
எதை இறக்கலாம், எதைத் திருப்பலாம் என்று
கரையில் யாரோ கடதாசி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தேர்ந்து புகவிடும் மென்சவ்வு.
அதை நான் மனனம் செய்த வருடம்
கிருலப்பனையில் பஸ்ஸை மறித்து
எங்களை மட்டும் இறங்கச் சொன்னார்கள்.
அடையாள அட்டை. பொலிஸ் பதிவு. யார் வீட்டில் நிற்கிறாய்?
மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே.
வாசலைக் காக்கவே
தன் சாப்பாட்டில் நல்லதொரு பங்கைக் கலம் செலவழிக்கிறது.
அன்றைக்கு எனக்கு அது புள்ளி எடுக்கிற விஷயம்.

இழைமணி முன்னொரு காலம் தனி உயிராம்.
விழுங்கிய கலம் அதைச் செமிக்கவில்லை, அறை கொடுத்தது.
வந்தது அடுப்பு மூட்டியது.
இன்றுவரை தன் உறுதியைத் தானே வைத்திருக்கிறது.
வெள்ளவத்தை அனெக்ஸில் எனக்குப் பதினாலு வருடம்.
என்னிடம் இருப்பது வாடகைப் பற்றுச்சீட்டுகள்.

எல்லார் உடம்பிலும் ஒரே இரத்தம் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்
ஒருநாளும் குறுக்குப் பொருத்தம் பார்த்திருக்கமாட்டார்.
பொருந்தாவிட்டால் கட்டிபடும், என் கண் முன்னாலேயே.
ஆனால் செங்குழியம் யாருடையதென்றாலும்
புறக்கோட்டை நாட்டாமை மாதிரி.
இன்னும் கொஞ்சம் சுமை ஏற்றலாமென்று
கருவையே எறிந்துவிட்டு ஓடுகிறது,
நூற்றிருபது நாள்.

சிறுதட்டு அதுவுமில்லை. முழுக்கலமே இல்லை.
என்பு மச்சையில் ஒரு பெருங்கலம்
தன் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து அனுப்பிய துண்டு,
தையல்கடையில் கூட்டித் தள்ளுகிற வெட்டுத்துணி.
எங்கே கிழிந்தாலும் அதுதான் போய் ஒட்டும்.

முப்பத்தோராயிரம்.
நம்ப மனமில்லாமல் திரும்ப எண்ணினேன். அதேதான்.
பிழை என் கையிலோ என்று
என் விரலைக் குத்தி இன்னொரு கண்ணாடி வைத்தேன்.
இரண்டு லட்சத்துக்கு மேல். கையில் பிழையில்லை.
பஞ்சை எடுத்தால் விரல் ஓட்டை அடைபட்டிருக்கிறது,
நான் ஒன்றும் சொல்லாமலே.
நிலூக்கா மேசையில் தலை வைத்துத் தூங்குகிறாள்.
வெளி வாங்கில் ஹம்தாவின் தகப்பன்
சோடாப் போத்தலில் பப்பாசியிலைச் சாறோடு.
தாளைக் கொடுத்தேன். எண்ணைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தார்.

ஆறு மணிக்கு அடுத்த சாம்பிள் வந்தது.
முப்பத்தெட்டு.

இந்த மழைக்குள்
அந்தச் சின்ன எலும்புக்குள் எங்கோ
ஒரு பெருங்கலம்
நித்திரை கொள்ளவில்லை.