மூன்றாய் மடித்த மாகாணம்

மே மாதக் கடைசியில் வண்டி கிளம்பும்.
பின்னிருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு
பெட்டி பெட்டியாய் சஸ்காச்சுவானை ஏற்றுவேன்.
பெட்ரோல் பங்க், மோட்டல், கூட்டுறவுக் கடை,
ஒருமுறை ஒரு பல் மருத்துவரின் முன்னறை.
கம்பித் தட்டில் எங்கே காலி தெரிந்தாலும்
அங்கே ஓர் ஏரியைச் செருகுவது என் வேலை.

ஒன்பது கோடையாகச் செய்கிறேன்.
எந்த ஏரியிலும் கால் நனைத்ததில்லை.

இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள்,
வான்கூவரிலிருந்து டொராண்டோ போகிறவர்கள்,
கண்ணாடியைப் பாதிக்குமேல் இறக்காமல்.
எங்கள் பாதை கோணாது, அதுதான் அவர்கள் குறை.
கோணல் வேண்டுமென்றால் ஹாஃபோர்டு போங்கள் என்பேன்.
அங்கே ஒரு தோப்பில் ஆஸ்பென் மரங்கள்
தரைவரை குனிந்து, யோசித்து,
மறுபடி எழுகின்றன.
பாதைக்கு அந்தப் பக்கம் அதே மரம்
அளவுகோல் வைத்த மாதிரி நிற்கிறது.
காரணம் தாளில் இல்லை. இடம் போதவில்லை.

செப்டருக்குத் தெற்கே மணல் மேடுகள்:
யாரோ கடலை எடுத்துக்கொண்டு
கரையை மறந்துவிட்டுப் போனது போல.
வால் மரீயில் இரவு.
அங்கே தாளைப் படிக்க வெளிச்சம் கிடையாது,
அதைத்தான் விற்கிறோம்.

மானிட்டூ உப்பு ஏரிக்கரையில்
டெல்ஃபின் லாவலேயின் மோட்டல்.
ஆறு அறை, ஒன்றில் கூரை ஒழுகும்.
ஏரி யாரையும் மூழ்க விடாது.
அட்டைப் படத்தில் ஒருவன்
மல்லாந்து மிதந்தபடி செய்தித்தாள் படிக்கிறான்.
டெல்ஃபினின் கணவன், க்ளெமெண்ட்.
படம் எடுத்த அடுத்த வருஷம்
கெலோனாவுக்குப் போய்விட்டான்,
செர்ரித் தோட்டம் வைத்திருந்த ஒருத்தியோடு.
பதினோரு வருஷம்
வந்த விருந்தாளிக்கெல்லாம்
சாவியோடு சேர்த்து அவனையும் கொடுத்தாள்.

இந்த ஜூனில் புது அட்டை.
பழையதைத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு.
எண்ணிக் கட்டினேன்: நூற்று நாற்பது க்ளெமெண்ட்.
"பீடை ஒழிந்தது" என்றாள்.
புதியதைப் பிரித்தாள்.
ஏரி. பொழுது சாய்கிற நேரம்.
வண்ணம் நன்றாகத்தான் வந்திருந்தது.
வெகுநேரம் பார்த்தாள்.
"ஆளே இல்லையே இதில்.
மிதக்கலாம் என்று எப்படித் தெரியும்?"

அச்சடிப்பது நான் இல்லை என்றேன்.
"நீ இறங்கியிருக்கிறாயா?"
இல்லை.
"ஒன்பது வருஷம்!"
ஊருக்கே பந்தி பரிமாறிவிட்டுப்
பட்டினி கிடந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

கடன் வாங்கிய நீச்சல் உடை,
இடுப்பில் இரண்டு அங்குலம் தளர்வு.
கால் தரையை விடமாட்டேன் என்றது.
பிறகு தரைதான் என்னை விட்டது.
முழங்கால் இரண்டும் தீவுகளாய் மேலே.
விரல்கள் எரிந்தன:
தாளின் ஓரம் கிழித்த கீறல்கள்,
நிறுத்தத்துக்கு ஒன்றாக,
எங்கெங்கே என்று உப்பு தேடிப் பிடித்தது.
காது தண்ணீருக்குள்.
கரையில் டெல்ஃபின் ஏதோ கத்தினாள்,
சிரிப்பாகவும் இருக்கலாம்.

குளிக்காமல் தூங்கிவிட்டேன்.

மறுநாள் தெற்கே, ஒரு மேய்ச்சல் வெளியில்,
தனியாக ஒரு பாறை.
காட்டெருமைகள் குளிர்கால மயிரை உதிர்க்க
உரசி உரசி
விளிம்பெல்லாம் வழவழத்துப் போனது.
சுற்றிலும் குளம்புகள் தோண்டிய பள்ளம்.
அவற்றைச் சுட்டுத் தீர்த்து
நூறு வருஷத்துக்கு மேலாகிறது.
வழவழப்பு மட்டும் போகவில்லை.
இதற்குத் தாள் இல்லை, அம்புக்குறி இல்லை.
நிலத்துக்காரர் வாசில் ஹ்னாட்டியுக்
"படலைச் சாத்திவிட்டுப் போ" என்றார், அவ்வளவுதான்.

வண்டிக்குள் நூற்று நாற்பது பேர்
செய்தித்தாளை இறக்காமல் மிதந்துகொண்டிருந்தார்கள்.
என் முழங்கையில் நேற்றைய உப்பு வெள்ளைவெள்ளையாய்.
முதுகு தாங்க முடியாமல் அரித்தது.

நாலு பக்கமும் பார்த்தேன்.
நாலு பக்கமும் புல்.

கல்லில் முதுகை வைத்து ஒரு தேய்ப்பு.
பிறகு, கொஞ்சம் இடப்பக்கமாக, இன்னொன்று.