உப்பிட்டவர்கள்

எல்லைச் சாவடிக்கு முன்னே எட்டு நாள்.
கோபிப் பாலையில் நிலக்கரி லாரிகளின் வரிசை
இரவெல்லாம் விழித்திருந்தால் நூறடி நகரும்.
கண் அயர்ந்தால் இடம் போச்சு.
இடுப்புவலிக்கு மாத்திரை, வேளைக்கு இரண்டு,
வெறும் வயிற்றில்,
ஃபிளாஸ்க்கின் அடியில் ஆறிப்போன உப்புத் தேநீரோடு.

ஒன்பதாம் நாள் தார் போலக் கறுத்துப் போனது.
கரித்தூள் என்றே நினைத்தேன்.

தலன்சட்கட் மருத்துவமனை. வாயில் பிளாஸ்டிக் வளையம்.
கறுப்புக் குழாய் தொண்டையில் இறங்க
திரையில் என் வயிறு.
நாற்பத்தாறு வருடம் நான் திட்டிய வயிறு,
கடன் கேட்டு வந்தவனைப் போல
வாசலிலேயே நிறுத்திவைத்த வயிறு.
இவ்வளவு ஈரமாக,
அப்போதுதான் உரித்த ஆட்டுத்தோலின் உட்புறம் போல
பளபளவென்று இருக்கும் என்று
யார் சொன்னார்கள் எனக்கு?

டாக்டர் துலம்சுரேன் குழாயைத் திருப்பிக்கொண்டே கேட்டார்:
"இந்த அமிலத்தில் இரும்பாணி போட்டால் ஆணி இளைக்கும்.
இறைச்சி கரையும். வயிறும் இறைச்சிதானே,
அது ஏன் கரையவில்லை?"
வாயில் வளையம். என்ன சொல்ல?
அவரே சொன்னார்.
மயிரிழைக் கனத்தில் ஒரு வழவழப்பு.
அதற்குள் சொட்டுச் சொட்டாகக் கசியும் சோடா உப்பு.
அமிலம் வரும், உப்பைத் தொடும்,
வெறும் தண்ணீராகும், மிச்சம் ஏப்பம்.
"முன்னால் நிற்பவை நாலைந்து நாளில் உதிரும்.
பின்னாலிருந்து புதியவை வந்து நிற்கும்."

நான் ஒரே இடத்தில் நின்றிருந்த நாட்களில்
எனக்குள் ஒரு வரிசை
முழுதாக ஒரு தடவை மாறியிருக்கிறது.
ஒரு ஹாரன் சத்தம் இல்லை.

"உன் மாத்திரை வலியை அணைத்தது சரி.
உப்பைக் கசியச் சொல்லும் குரலையும்
அதே கையால் அணைத்துவிட்டது."

பிறகு அந்த இடம்.
சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் வெளுத்து, ஓரம் சிவந்து.
டாக்டர் பேச்சை நிறுத்தினார்.
குழாயும் நின்றது.

"சின்னக் கீறல் என்றால்
பக்கத்தில் இருப்பவை தட்டையாகப் படுத்து
ஊர்ந்து வந்து மூடிவிடும்,
புதிது பிறக்கும்வரை காத்திருக்காது.
இது ஆழம். நாளாகும்."

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்கிறோம்.
எதைக்கொண்டு கட்டினோம் என்று கேட்டதில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
உள்ளேயே இருந்து உப்பிட்டவர்களை
ஒரு வேளைகூட நினைத்ததில்லை நான்.

வார்டில், தலையணைக்கடியில் ஃபோன் அதிர்ந்தது.
எனக்குப் பின்னால் நின்ற லுவ்சன்டோர்ஜ்.
முந்தாநாள் என்னோடு சண்டை போட்டவன்.
"சாவி வண்டியிலேயே இருந்தது.
ரெண்டையும் நானே நகர்த்துகிறேன்.
இன்றைக்கு இருபதடி.
நீ படு."